மூடுபனியின் வெள்ளை

வணக்கம் சார்,

போன வாரம் கொடைக்கானல் போயிருந்தேன். தூண் பாறையைப் பனி மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. கை ஓயாமல் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல். ‘எடுப்பதற்கு முன்பே படத்தை மனசுக்குள் பார்க்கணும்’ என்று எழுதுகிறீர்கள். கண்ணெதிரே இருப்பதைத்தானே எடுக்கிறோம்? லென்ஸ் முன்னால் மாட்டும் சிவப்பு ஃபில்டர் வாங்கினால் பனி குறையுமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

சாம்பலுக்குக் காரணம் கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர். எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக வைத்துத்தான் கணக்குப் போடும். ஃப்ரேம் முழுக்கப் பனி என்றால் வெள்ளையும் மங்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியை, ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் சரி (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு). ஆனால் ஒன்றா, ஒன்றரையா? பனி எவ்வளவு வெள்ளையாக வேண்டும் என்று முடிவு செய்தவருக்குத்தான் அது தெரியும். நான் சொன்னது இதைத்தான்.

ஈரத்தில் கருத்த அந்தப் பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலும் அதில் ஒட்டி நிற்கும் புல்லும் படத்தில் தெரியணுமா? அப்படியென்றால் பாறைக்கு முன்னால் இருக்கும் பனி விலகும்வரை காத்திருக்கணும். இல்லை, பாறை வெறும் கருநிழலாக நின்றால் போதுமா? அப்போது பின்னாலிருக்கும் பள்ளத்தாக்கைப் பனி நன்றாக அடைக்கணும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாததால்தான் கை ஓயாமல் அமுக்குகிறோம். பிறகு கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்ட் ஏற்றலாம், ஆனால் போன பனியை எங்கிருந்து கொண்டுவருவது?

கண்ணெதிரே இருப்பதைத்தானே என்கிறீர்கள். 1927 ஏப்ரல் 10 அன்று கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் ஹாஃப் டோம் பாறையைக் கறுப்பு வெள்ளையில், மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்ததுமே உறைத்தது: வானம் வெளிறிவிடும், அந்தப் பாறையின் கனம் வராது. ஃபிலிம்போலப் படம் பதியும் கண்ணாடித் தகடு ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதில், அடர்சிவப்பு ஃபில்டர் மாட்டி மறுபடி எடுத்தார். வானம் ஏறக்குறையக் கறுப்பாக வந்தது. அன்றைக்கு அங்கே நின்ற யாரும் கறுப்பு வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஃபில்டர் கடைக்கு ஓடாதீர்கள்! சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும். அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் இருளும், தூரத்து மலைமேல் படியும் நீலப் புகைமூட்டமும் குறையும். மூடுபனி வேறு. அதன் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சிதறடிக்கும், எந்த ஃபில்டரும் அதைத் துளைக்காது. அந்தக் காசுக்கு ஒரு ட்ரைபாட் வாங்குங்கள், காத்திருக்கும்போது கையாவது வலிக்காது.