பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனால்: சில கேள்விகள்

கேள்வி: பேக்கிங் பவுடர் இல்லை. அதே அளவு சமையல் சோடா போடலாமா?

வேண்டாம். சோடாவுக்கு வீரியம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். பவுடரில் சோடாவோடு ஒரு புளிப்புத் தூளும் சோளமாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். ஈரம் பட்டதும் சோடாவும் புளிப்பும் சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும். வெறும் சோடா என்றால் அந்தப் புளிப்பை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 1 டீஸ்பூன் பவுடருக்கு கால் டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர் (கடையில் கிடைக்கும் ஒரு புளிப்புத் தூள்). அது இல்லையா, கால் டீஸ்பூன் சோடாவும் அரை கப் தயிரும் போதும். ஆனால் பாலிலோ தண்ணீரிலோ அந்த அரை கப்பைக் குறைத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று, கலந்ததும் ஓவனில் வைத்துவிட வேண்டும். கடைப் பவுடர்களில் பெரும்பாலும் சூடு ஏறிய பிறகே வேலை செய்யும் அமிலமும் இருப்பதால் மாவு சற்றுக் காத்திருந்தாலும் தாங்கும். வீட்டுக் கலவை தாங்காது.

கேள்வி: பழ உப்பு (ஈனோ போன்றது) போடலாமா?

போடலாம், சுவை சேர்க்காததாக இருந்தால். அதுவும் சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான். எல்லாம் கலந்த பிறகு கடைசியாகப் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி உடனே வேகவையுங்கள். நுரை அடங்கிவிட்டால் கதை முடிந்தது.

கேள்வி: சாக்லேட் கேக்கில் சோப்பு வாடை வருகிறது. சோடா சரியான அளவுதான்.

சோடாவை விடுங்கள், கோகோ டப்பாவைப் பாருங்கள். சாதாரண கோகோ லேசான அமிலத்தன்மை உள்ளது. சோடாவுக்கு அதுவே துணை. ‘டச்சு’ கோகோவில் அமிலத்துக்கு எதிரான காரப்பொருளைச் சேர்த்து அந்த அமிலத்தை எடுத்துவிடுகிறார்கள். மோரோ தயிரோ இல்லாத செய்முறையில் அதைப் போட்டால் சோடாவுக்கு ஜோடி இல்லை. சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். நாக்கில் படும் சோப்புச் சுவை அதுதான். டச்சு கோகோதான் இருக்கிறது என்றால் சோடாவை நிறுத்திவிட்டு, அதைப்போல் மூன்று மடங்கு பவுடர் போடுங்கள். நிறம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

கேள்வி: கேக் நன்றாக எழும்பி, நடுவில் அமுங்கிவிடுகிறது. பவுடரைக் கூட்டட்டுமா?

குறையுங்கள்! ஒரு கப் மாவுக்கு 1 முதல் ஒன்றேகால் டீஸ்பூன் பவுடர் போதும். அதற்கு மேல் போனால் குமிழிகள் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்து, மாவு வெந்து இறுகுவதற்குள் உடைந்துவிடும். அளவு சரியாக இருந்தும் அமுங்கினால், ஓவன் கதவைச் சீக்கிரம் திறந்தீர்களா என்று யோசியுங்கள்.

கேள்வி: கேக்கில் பவுடருக்குப் பதில் ஈஸ்ட்?

அது வேறு வேலை. ஈஸ்ட் உயிருள்ளது, மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று மெதுவாக வாயு விடும். அதைப் பிடித்துவைக்க நன்றாகப் பிசைந்த இழுவையான மாவு வேண்டும். தளதளவென்ற கேக் மாவில் அது நிற்காது. ஒரு வகை ஈஸ்ட்டுக்குப் பதில் இன்னொரு வகை ஈஸ்ட் போடலாம்: 10 கிராம் ஃபிரெஷ் ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய 4 கிராம் ஆக்டிவ் டிரை, அல்லது 3 கிராம் இன்ஸ்டன்ட்.

கேள்வி: பழைய பவுடர் டப்பா நல்லதா என்று எப்படித் தெரியும்?

அரை டீஸ்பூனை வெந்நீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. சோடாவுக்கு வெந்நீர் வேண்டாம், வினிகர் விட்டுப் பாருங்கள்.