வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்குது டாக்டர்

கேள்வி: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில லைன் சூப்பர்வைசரா இருக்கேன், வயசு 36, வீடு பட்டர்வொர்த். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தும் குரூப்ல போஸ் மெசேஜ் வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கமும் போச்சு. எச்ஆர்ல ஒரு மத்தியானம் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நிமிஷத்துல நடக்குறத மட்டும் கவனிக்கிற பயிற்சி, அதுக்கு கிளாஸ் வச்சாங்க, கண்ண மூடினா நாளைக்கு எத்தன ரிஜெக்ட் வரும்னுதான் ஓடுது. எனக்கு இது செட் ஆகாதா?

பதில்: படபடப்ப மொதல்ல பாத்துருவோம்மா. தைராய்டு கூடினாலும் ரத்தம் கொறஞ்சாலும் இப்படித்தான் அடிக்கும், எல்லாத்தையும் ஸ்ட்ரெஸ் தலையில கட்டிடக்கூடாது, அதனால கவர்மெண்ட் கிளினிக், நம்ம கிளினிக் கெசிஹாத்தான் போயி பிரஷர், ஈசிஜி, ரத்த டெஸ்ட் எடுத்துருங்க, சிட்டிசன்னா ஒரு வெள்ளிதான். நெஞ்சு வலி, மூச்சு வாங்குது, மயக்கம் வருதுன்னா நேரா எமர்ஜென்சி. அப்புறம் நைட் ஷிஃப்ட்ல எத்தன கோப்பி-ஓ, பால் இல்லாத காப்பி, உள்ள போகுது? நீங்க எழுதல, ஆனாலும் கேக்குறேன், குடிச்ச காஃபின் பாதியா கொறையவே 5 மணி நேரம் கிட்ட ஆகும்.

மனசு ஓடுதா, ஓடட்டும். மனச காலி பண்ற வேலை இல்ல இது, அட ஓடிருச்சேன்னு கண்டுபிடிச்சு திரும்பி வர்றோம் பாருங்க, அதுதான் பயிற்சியே, ஸோ இருபது தடவ ஓடுச்சுன்னா இருபது தடவ பயிற்சி பண்ணிட்டீங்க. ஜோன் கபாட்-சின்னு ஒருத்தர் 1979ல அமெரிக்காவுல இத ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வந்தாரு, அந்த கோர்ஸ் இப்ப 8 வாரம், உங்க எச்ஆர் ஒரே மத்தியானத்துல முடிச்சா அது உங்க தப்பா?

அடுத்த தடவ மெசேஜ் சத்தம் வந்தா போன தொடாதீங்க. ரெண்டு பாதமும் தரையில படுதா, தரை சில்லுன்னு இருக்கா, தோள் காது வரைக்கும் ஏறி நிக்குதா, பல்ல கடிச்சிருக்கீங்களான்னு பாருங்க. நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி மெதுவா விடுங்க, அஞ்சு தடவ போதும், மூச்ச நீட்டி விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் எறங்கும். அப்புறம் படிங்க, பாதி மெசேஜ் யாரோ 'நோட்டட் போஸ்'னு போட்டதாத்தான் இருக்கும். சிலருக்கு மூச்ச கவனிச்சாலே பயம் கூடும், அப்படின்னா மூச்ச விட்டுட்டு ஃபேன் சத்தத்த கேளுங்க. பினாங்கு பாலத்து ஜாம்ல ஓட்டிக்கிட்டே மட்டும் இத பண்ணாதீங்க லா.

ஆனா ஒன்னு, ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆள் தலையில வச்சா எந்த மூச்சும் அத தூக்காது. பர்ன்அவுட்ட உலக சுகாதார நிறுவனமே 2019ல வியாதின்னு சொல்லல, சமாளிக்காம விட்ட வேலை எட நெருக்கடியால வர்றதுன்னுதான் சொல்லுது. நம்ம மலேசியா வேலைச் சட்டத்துலயும் 2023ல இருந்து ஓவர்டைம் சேக்காம வாரத்துக்கு 45 மணி நேரம்தான். நீங்க பாக்குற மணி நேரத்த எழுதி வைங்க, ஷிஃப்ட் முடிஞ்சா மெசேஜ் அடுத்த சூப்பர்வைசருக்கு போகட்டும்னு போஸ்கிட்ட நேராவே கேளுங்க.

ரெண்டு வாரத்துலயும் தூக்கம் வரலன்னா கிளினிக்ல மனசு விஷயத்தையும் சேத்து சொல்லுங்க, கேள்வித்தாள் வச்சு பாப்பாங்க. வாழவே புடிக்கலன்னு தோணினா அதுவரைக்கும் காத்திருக்காம 15555க்கு அடிங்க, சுகாதார அமைச்சோட லைன். போறப்ப ஷிஃப்ட் ரோஸ்டரையும் எடுத்துட்டு போங்க, எம்சி, அதான் மெடிக்கல் லீவு, கேக்க கூச்சப்பட வேணாம்.