வாளி தூக்கிய கைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2017 ஜனவரி கடைசியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை ஒதுங்கியபோது நண்பர்களோடு அள்ளப் போனேன். முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினோம். அதே வருடம் ஏப்ரலில் எங்கள் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் பணப்பட்டுவாடாவால் ரத்தானது. வாளி தூக்கிய கைகளில் சில அதற்கும் நீண்டிருக்கும்தானே? மனிதன் ஆபத்தில் மட்டும் நல்லவனாக நடிக்கிறானா? நல்லவர்கள் பொதுவாழ்வுக்கு வந்தால் மாறுமா?

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

அது நடிப்பில்லை. நாற்றத்தையும் தோல் எரிச்சலையும் கூலியாக வாங்கிக்கொண்டு யாரும் நடிக்க மாட்டார்கள். ஆனால் ஆபத்துக் காலத்தில் நல்லவராக இருப்பது ஒரு வகையில் சுலபம். செய்ய வேண்டியது கண்ணெதிரே கிடக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார், பொழுது சாய்வதற்குள் கரை கொஞ்சமாவது வெளுக்கிறது. பொதுவாழ்வில் மனு கொடுத்து, பதில் வராமல், அதே மேஜை முன்னால் மறுபடி போய் நிற்க வேண்டும். நாளைக்கு ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவரால் அது முடியாது.

உங்கள் பக்கத்துத் தெருக்களையே பாருங்கள். தண்ணி லாரி சொன்ன நேரத்துக்கு வருகிற தெருவில், பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவார்கள். ஒடுங்கின பச்சைக் குடம் யாருடையது, கழுத்தில் துணி சுற்றியது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆள் இல்லாவிட்டாலும் முறை வந்ததும் பக்கத்து வீட்டக்கா பிடித்து வைப்பார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரி வருமா வராதா என்று தெரியாமல் போனபோது, "யம்மா, என் கொடத்த எவ நவுத்துனது?" என்று ஆரம்பித்துப் பாட்டன் பூட்டன் வரை இழுத்தார்கள். அதே தெரு, அதே பெண்கள்.

ஓட்டுக்குப் பணம் வாங்குபவரையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஜெயித்தவர் திரும்பி வந்து பார்த்ததே இல்லை என்றால், கைக்கு வந்ததுதான் லாபம் என்று மனம் கணக்குப் போடும். அதற்காக அதைச் சரியென்று சொல்ல மாட்டேன். வாங்கியவருக்கு அப்புறம் வாய் திறந்து கேட்கக் கூசும். கொடுத்தவருக்கு வேண்டியதும் அதுதான். அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நம்பிக்கை முறிந்தால் என்ன ஆகும் என்பதை வடசென்னை நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. போன்றோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. பல சாதி, மதத்து மில் தொழிலாளிகள் ஒன்றாக நின்றார்கள். மூன்றே வருடம். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். அந்தப் பிளவு கலவரமாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பசிமேல் பழிபோட்டுத் தப்பிக்க எனக்கு மனமில்லை. மேடையில் தோழர் என்றவர்கள் தெருவுக்குத் திரும்பியதும் சாதிக்காரர்களாகவே இருந்தார்கள். சாதாரண நாட்களில் கட்டாத உறவை நெருக்கடியில் எங்கே போய்த் தேடுவது?

நல்லவர் ஒருவர் வந்தால் மாறுமா என்கிறீர்கள். அப்படிக் காத்திருப்பதே நம்மைக் கெடுக்கிறது. வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் இரண்டு ரூபாயில் ஆரம்பித்து, 2020 ஆகஸ்டில் மறையும்வரை ஐந்து ரூபாய் டாக்டராகவே இருந்தார். வெள்ளமோ புயலோ இல்லாத சாதாரண நாட்களிலும் வந்து உட்கார்ந்தார். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறியபடி ஓடிய ஜனங்கள், அதோடு விடவில்லை. கேமராக்கள் போன பிறகும் மாதக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் சமைத்து முடித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வாளி தூக்கியதைவிட அதை ஒருபடி மேலே வைக்கிறேன்.

சென்னையின் 200 வார்டுகளுக்கும் ஏரியா சபை என்று, பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் தெருவுக்கான கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். அன்று வாளி தூக்கிய நண்பர்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போய், தண்ணி லாரி வரும் கிழமையையும் நேரத்தையும் தெருமுனையில் எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் கூட்டத்தில் நடக்காது. அடுத்ததற்கும் போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.