40 பேர் ஒரே கூகுள் டாக்ஸில் எழுதினால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுகிறார். வகுப்பில் இதை எப்படித்தான் பயன்படுத்துவது?

முழு வகுப்பும் சேர்ந்து எழுத வேண்டுமென்றால் டாக்ஸை விட்டு, கட்டம் கட்டமாக இருக்கும் கூகுள் ஷீட்டுக்கு வாருங்கள். பாதித் தலைவலி அதிலேயே போய்விடும்.

டாக்ஸில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே நீளத் தாள். மேலே ஒருவர் நாலு தடவை என்டர் தட்டினால் கீழே உள்ள எல்லோருடைய வரியும் இறங்கிவிடும். போனில் எழுதும் பிள்ளை தன் வரியைத் தேடும் அவசரத்தில் பக்கத்து வரியை அழித்துவிடும். இதில் குறும்பு குறைவு, கைதவறல்தான் அதிகம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத டாக்ஸ் போதும்; 40 பேருக்கு ஆகாது.

ஷீட்டில் அவரவர் கட்டம் அசையாது. பதினோராம் வகுப்பு தனி ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். நால்வர் வீதம் 10 குழு, குழுவுக்கு ஒரு வரிசை. முதல் நெடுவரிசையில் குழு எண், இரண்டாவதில் ஊசலின் நீளம் மீட்டரில், மூன்றாவதில் 20 அலைவுக்கு ஆன நேரம். நான்காவதில் அந்த நேரத்தை 20ஆல் வகுக்கும் சூத்திரம்; அதுதான் ஓர் அலைவு நேரம். ஐந்தாவதில் புவியீர்ப்பு முடுக்கம்: 39.48ஐ (அதாவது 4π²) நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கடைசி இரண்டையும் நீங்களே போட்டு வையுங்கள்.

பிறகு பூட்ட வேண்டும். கணினியில் டேட்டா மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' போய், முழு ஷீட்டையும் பூட்டி, 'எக்செப்ட் சர்ட்டன் செல்ஸ்' என்பதில் மாணவர் நிரப்பும் இரண்டு நெடுவரிசையை மட்டும் திறந்து விடுங்கள். திருத்தும் உரிமையில் 'ஒன்லி யூ' இருக்கட்டும். அதே டேட்டா மெனுவின் 'டேட்டா வேலிடேஷன்' மூலம் நீளத்துக்கு 0.2 முதல் 1.2 வரை என்று எல்லை வைத்து, தவறினால் நிராகரி என்று கொடுங்கள். யாராவது 100 என்று சென்டிமீட்டரில் போடத்தான் போகிறார்கள்.

பலன் திரையில் தெரியும். ஒரு மீட்டர் ஊசலுக்கு 20 அலைவு சுமார் 40 விநாடி. ஒரு குழுவுக்கு மட்டும் 38 விநாடி, விடை 9.8க்குப் பதில் 11ஐ ஒட்டி வருகிறதா? ஊசலை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். உண்மையில் ஆடியது 19 அலைவுதான். தனித்தனி நோட்டில் எழுதினால் இந்தப் பிழை வெளியே வராது. 9.8 வரும்படி நேரத்தைச் 'சரிசெய்து' எழுதுவது நாடறிந்த கலை.

அழிந்துபோனதை மீட்பதில் ஒரு சூட்சுமம். கன்ட்ரோல் இசட் உங்கள் திருத்தத்தை மட்டும்தான் திரும்பக் கொண்டுவரும், மாணவர் அழித்ததை அல்ல. ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' திறந்து பழைய பிரதியைப் பாருங்கள். உடனே 'ரெஸ்டோர்' அழுத்தாதீர்கள். அதற்குப் பிறகு மற்ற 39 பேர் எழுதியதும் சேர்ந்து பின்னால் போய்விடும். தேவையான பகுதியை மட்டும் காப்பி செய்து இன்றைய பிரதியில் ஒட்டுங்கள். ஷீட்டில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்க, அதில் வலது கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' போதும்.

யார் அழித்தார் என்று பெயரோடு தெரிய, மாணவர் தங்கள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். 'லிங்க் உள்ள எவரும் எடிட்டர்' என்று விட்டால், உள்நுழையாதவர்கள் சொந்தப் பெயரில் இல்லாமல், கூகுள் தரும் 'அனானிமஸ்' விலங்குப் பெயர்களில்தான் வருவார்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணி அடித்ததும் எடிட்டரை வியூவர் ஆக்கிவிடுங்கள்.

ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டிய பயிற்சி என்றால் எல்லோரும் ஒரே கோப்பில் எழுதவே தேவையில்லை. கூகுள் கிளாஸ்ரூமில் கோப்பை இணைக்கும்போதே 'மேக் எ காப்பி ஃபார் ஈச் ஸ்டூடன்ட்' என்று தேர்ந்தெடுங்கள். அசைன் செய்த பிறகு அந்தத் தேர்வு கிடைக்காது. புதிதாக ஒன்று போட வேண்டியதுதான். கிளாஸ்ரூம் இல்லையென்றால் லிங்கின் கடைசியில் 'எடிட்' என்று வரும் இடத்திலிருந்து அழித்து 'காப்பி' என்று ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள். திறப்பவருக்குத் தன் சொந்தப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி கேட்கும்.