முதிர்ந்தவர்களுக்கான வீடியோ கேம் என்று எதைச் சொல்லலாம்?

உறையில் 18 என்று அச்சிட்டிருந்தாலே ஒரு வீடியோ கேம் பெரியவர்களுக்கு உரியதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி ஆகிய தரமதிப்பீட்டு அமைப்புகள் தரும் வயதுக் குறியீடுகள், வன்முறை, பாலியல் காட்சி, வசைச்சொல் போன்றவை எந்த வயதினருக்கு ஒவ்வாதவை என்பதைத்தான் தெரிவிக்கின்றன. (ரத்தம் தெறிப்பதையே முதிர்ச்சி என்று நம்புவது பதினைந்து வயதின் இயல்பு.)

என் பார்வையில், வாழ்ந்து பழகியவருக்கு மட்டுமே முழுதாகப் புரியும் நெருக்கடியை விளையாட்டின் விதிகளே உருவாக்க வேண்டும். விளையாட்டு வடிவமைப்பாளர் லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற கேம் இதற்கு நல்ல சான்று. கற்பனை நாடொன்றின் எல்லைச்சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் ஊழியராக நீங்கள் அமர்கிறீர்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்களோ அதற்கேற்பக் கூலி கிடைக்க, அதிலிருந்துதான் வாடகை, உணவு, குளிர்காயும் செலவு, பிள்ளையின் மருந்து எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். ஒருநாள், கணவனின் தாள்கள் சரியாக இருக்க, அவனுக்குப் பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிச் சென்றால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவளை உள்ளே விட்டால் உங்கள் பெயரில் பிழை பதிவாகும். ஒரே நாளில் இரண்டு பிழைகளுக்கு மேல் போனால் கூலியில் வெட்டு விழும். எது சரி என்று விளையாட்டு எந்த இடத்திலும் போதிப்பதில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்கு அவள் கடவுச்சீட்டில் முத்திரையைக் குத்தக் கை தயங்கும்.

இதைப் பெரியவர்களுக்கு உரியது என்பதற்கு நேரமும் ஒரு காரணம்தான்: இதில் ஒரு வேலைநாள் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆடலாம்.