எறிகிற கைக்கு ஒரு கணக்கு: பேஸ்போல் கேள்வி-பதில்

மகனுக்கு 11 வயது. பாடசாலை எல்லே (மட்டையால் பந்தடித்து ஓடுகிற இலங்கை விளையாட்டு) அணியில் ஆடுகிறான். பேஸ்போலுக்குத் தனிப்பயிற்சி கொடுக்க எண்ணம். எல்லே பழக்கம் உதவுமா? (கிளிநொச்சி)

நிச்சயம் உதவும். பந்தைக் கணிக்கிற கண்ணும் ஓட்டமும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பழக்கத்தை மட்டும் மறக்க வைக்க வேண்டும். எல்லேயில் ஓடுகிறவர்மேல் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தொட வேண்டும், அல்லது அவர் கட்டாயம் ஓடிச் சேரவேண்டிய தளத்தை முந்தி மிதிக்க வேண்டும். அவசரத்தில் பிள்ளை ஆளைப் பார்த்தே எறிவான். அதனால் முதல் இரண்டு கிழமையும் ரெனிஸ் பந்தாலேயே தளத்துக்கு எறியப் பழக்குங்கள்.

அடுத்தது பந்தின் பாரம். ரெனிஸ் பந்து 58 கிராம் அளவில் இருக்கும். பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம். கடினப் பந்துக்கு மாறும்போது 10 மீற்றர் தூரத்தில் 25 எறிகளோடு தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் எறிய விடுங்கள்.

பயிற்றுவிப்பாளர் தினமும் 100 பந்து எறியச் சொல்கிறார். 12 வயதுப் பிள்ளைக்கு இது சரியா? (மாங்குளம்)

சரியில்லை. உடனே நிறுத்துங்கள். அமெரிக்காவின் சிறுவர் பேஸ்போலில் ஒருநாள் உச்சவரம்பு 9-10 வயதுக்கு 75, 11-12 வயதுக்கு 85, 13-16 வயதுக்கு 95 பந்துகள். அதுவும் போட்டி நாளில், தினமும் அல்ல. 14 வயது வரை 21-35 பந்து எறிந்தால் ஒருநாள், 36-50 என்றால் இரண்டு நாள், 51-65 என்றால் மூன்று நாள், 66 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு நாள் கைக்கு ஓய்வு.

எண்ணுகிற வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். வேலியோரம் நிற்கிற தாயோ தகப்பனோ கொப்பியில் ஐந்தைந்தாகக் கோடு போடட்டும். மாலையில் வீட்டு முற்றத்தில் தம்பியோடு எறிகிறவை இந்த வரம்பில் சேராவிட்டாலும் கைக்கு அவையும் பாரம்தான், அவற்றையும் குறியுங்கள்.

வருடத்தில் நான்கு மாதமாவது பந்தெறிதல் இல்லாமல் இருக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மைதானம் சேறாகிக் கிடக்கும். அந்த மாரியையே தொடர் ஓய்வுக்காலமாக வையுங்கள்.

எறிந்த பிறகு முழங்கையின் உட்பக்கம் நோகிறதாம். மூவ் பூசி விட்டால் போதுமா? (முல்லைத்தீவு)

போதாது. வளரும் எலும்பின் நுனியில் உள்ள குருத்தெலும்பு தசைநாரைவிடப் பலவீனமானது; அளவுக்கு மிஞ்சி எறிந்தால் அந்த இடமே இழுபட்டுப் புண்ணாகும். பூச்சு நோவை மறைக்கும், பிள்ளை தொடர்ந்து எறிவான், காயம் ஆழமாகும். எறிவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

வளைபந்து பழக்கியிருந்தால் அதையும் விடுங்கள். இந்த வயதில் நேர்வேகப் பந்தும் மெதுபந்தும் போதும். நேர்வேகப் பந்துக்குப் பிடி இப்படி: தையல் லாடம்போல வளைகிற இடத்தில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் குறுக்காக வைத்து, பெருவிரலை அடியில் கொடுக்க வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே விரல் ஒன்று நுழைய வேண்டும். சின்னக் கை என்றால் மேலே மூன்று விரல் வைக்கலாம். எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே தொங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது என்று வையுங்கள், கை களைத்துவிட்டது.

கிளவுஸ் எந்தக் கைக்கு? (வவுனியா)

எறியாத கைக்கு. வலக்கையால் எறிகிறவர் இடக்கையில் போடுவார். பத்து வயதுக்குள் 10 முதல் 11 அங்குலம் பொருந்தும். புதுத்தோல் விறைப்பாக இருந்தால் நடுவில் பந்தை வைத்துக் கட்டி இரவு விடுங்கள். வெயிலில் காயப் போட்டால் தோல் வெடிக்கும்.

வயலோரக் காணியில் பயிற்சி வைக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பாடசாலை மைதானம் அல்லது நீண்டகாலமாக ஆட்கள் புழங்குகிற வெளியே நல்லது. பற்றை மண்டிய காணிக்குள் பந்து விழுந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கிற சிவப்பு அபாயப் பலகை நிற்கிற பக்கமாக அடிக்கவே வேண்டாம். பந்து போனால் போகட்டும். வெயில் காலத்தில் காலை 6 முதல் 8 மணி, அல்லது மாலை 4.30க்குப் பிறகு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். சோளகம் பலமாக வீசுகிற நாளில் உயரப் பந்து பிடிக்கிற பயிற்சியைத் தள்ளிவைத்து, தரையோடு உருளும் பந்தில் வேலை செய்யுங்கள்.

தனியாக ஒரு பிள்ளைக்கா, இருவரைச் சேர்த்தா? (மடு)

இருவராக. ஒருவர் எறிய ஒருவர் பிடிக்கலாம், செலவும் பாதியாகும். முதல் வகுப்பிலேயே பயிற்றுவிப்பாளர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளையின் வயதும், முன்தினம் எத்தனை எறிந்தான் என்பதும் கேளாமல் பந்தைக் கையில் கொடுப்பவரிடம் அனுப்ப வேண்டாம்.