கோணம் பற்றிக் கேட்டவை

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், 50° கோணத்தைக் கோணமானியில் அளந்து 130° என்று எழுதிவிடுகிறாள். எப்படித் திருத்துவது?

பதில்: கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையாக, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. 50, 130 இரண்டும் ஒரே கோட்டில்தான் இருக்கும். எனவே கருவியைத் தொடும் முன்பே கோணத்தின் வகையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தின் மூலையைக் கோணத்தின் உச்சியில் வைத்தால் போதும். மூலைக்குள் அடங்கினால் குறுங்கோணம், சரியாகப் பொருந்தினால் செங்கோணம், தாண்டினால் விரிகோணம். குறுங்கோணம் என்று வாயால் சொன்ன பிறகு 130 என்று எழுதக் கை வராது.

அளக்கும்போது மையப்புள்ளி உச்சியிலும், 0° கோடு ஒரு கதிரிலும் படிய வேண்டும். அந்தக் கதிரில் எந்த வரிசையின் 0 விழுகிறதோ, அதே வரிசையில் எண்ணிக்கொண்டு போகவேண்டும். பல பிளாஸ்டிக் கோணமானிகளில் 0° கோடு அடிவிளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். விளிம்பைப் பொருத்தினால் விடை பிசகும். கதிர் குட்டையாக இருந்தால் ஸ்கேல் வைத்து நீட்டலாம், கோணம் மாறாது.

கேள்வி: முக்கோணத்தில் ஒரு விரிகோணத்துக்கு மேல் வராது. நாற்கரத்தில்?

பதில்: மூன்று வரை வரும். 100°, 100°, 100°, 60°: கூட்டினால் 360°. நான்காவதும் விரிகோணமானால் கூட்டுத்தொகை மீறிவிடும்.

இதைவிடச் சுவையானது குறுங்கோணக் கணக்கு. குழிவில்லாத பலகோணத்துக்கு நூறு பக்கம் இருந்தாலும் உள்ளே மூன்று குறுங்கோணத்துக்கு மேல் அமையாது. அதன் ஓரமாகவே ஒரு சுற்று நடந்தால், மூலைகளில் நாம் திரும்பும் வெளிக்கோணங்களின் மொத்தம் 360°. உட்கோணம் குறுகினால் அந்த மூலையில் 90°-க்கு மேல் திரும்ப வேண்டும். அப்படி நான்கு மூலைக்கு 360° எப்படிப் போதும்?

குழிந்த வடிவங்களின் கதை வேறு. அம்புமுனை போன்ற நாற்கரத்தில் 60°, 30°, 30°, 240° வரலாம். கடைசியது 180°-ஐத் தாண்டிய பின்வளைகோணம். அரைவட்டக் கோணமானியில் அது நேரடியாக அகப்படாது. வெளிப்புறத்து 120°-ஐ அளந்து 360-லிருந்து கழியுங்கள்.

கேள்வி: சாய்சதுரத்தின் நான்கு கோணங்களும் சமமா?

பதில்: இல்லை. எதிர்க்கோணங்கள் சமம், அடுத்துள்ளவை கூடி 180°. நான்கும் சமமானால் அது சதுரம்.

கேள்வி: மரச்சட்டத்தின் மூலை செங்கோணமா என்று டேப்பால் மட்டும் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 60 செ.மீ., மறுபக்கம் 80 செ.மீ. குறியுங்கள். குறிகளுக்கு இடையே 100 செ.மீ. வந்தால் செங்கோணம், குறைந்தால் குறுங்கோணம், கூடினால் விரிகோணம். ஒரு பாகை பிசகினாலே ஏறத்தாழ 8 மி.மீ. வேறுபாடு தெரியும். 6, 8, 10 செ.மீ. என்று சிறிதாகக் குறித்தால் அதே பிசகு 0.8 மி.மீ.தான், கண்ணுக்குச் சிக்காது.

சட்டம் முழுவதும் செவ்வகமா என்று அறிய, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று மட்டும் பார்ப்பது போதாது. இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமமே. எதிர்ப்பக்கங்கள் சமமா என்று முதலில் அளந்துவிட்டு மூலைவிட்டத்துக்கு வாருங்கள்.